கல்லில் நம் கை, தாளில் நம் எழுத்து, நாவில் எது?

ஒரு நகரை எழுப்பியவர் யார் என்பது ஒரு வினா. அந்நகரில் இன்று வழங்கும் மொழி யாருடையது என்பது மற்றொரு வினா. இவ்விரண்டிற்கும் விடை ஒன்றாகவே இருக்கும் என்று நாம் எளிதில் எண்ணிவிடுகிறோம். அவ்வாறு இராது என்பதற்கு இந்துமாக்கடலின் தென்மேற்கே உள்ள மோரீசுத் தீவின் தலைநகராகிய போர்ட்டு லூயி கண்கண்ட சான்றாக நிற்கின்றது. தமிழ்நாட்டிற்கு வெளியே தமிழுக்கு மதிப்புத் தந்த நாடுகளை எண்ணுங்கால் நாம் மோரீசின் பெயரைச் சொல்லி மகிழ்கிறோம். அந்நாட்டுப் பணத்தாளில் தமிழெழுத்து உண்டு என்று மேடைதோறும் முழங்குகிறோம். முழங்குவதில் பிழையில்லை. ஆயினும், அப்பணத்தாளைக் கையிற் பிடித்துக் கடைத்தெருவில் விலை பேசி நிற்கும் தமிழ்க்குடிப் பிறந்தார் ஒருவர், அதிலுள்ள தமிழெழுத்தைப் படிக்க வல்லரா என்று நாம் கேட்டோமில்லை. அதனைக் கேட்பதே இக்கட்டுரையின் நோக்கம். கேட்பதற்கு முன் அந்நகரை ஒருமுறை நன்கு பார்த்தல் வேண்டும்.

மலையும் துறையும்

மடகாசுக்கருக்குக் கிழக்கே ஏறத்தாழ 800 கிலோமீட்டர் தொலைவில், எரிமலைக் குழம்பு இறுகி எழுந்த சிறு தீவு மோரீசு. அதன் பரப்பு 1,865 சதுரக் கிலோமீட்டர். நம் கன்னியாகுமரி மாவட்டத்தினும் சற்றே பெரிது எனலாம். அத்தீவின் வடமேற்குக் கரையில், பின்னே மலைகள் வில்லென வளைந்து நிற்க, முன்னே கடல் உள்வாங்கி இயற்கைத் துறையாய் அமைய, இடையிலுள்ள ஒடுங்கிய சமநிலத்தில் அமைந்தது போர்ட்டு லூயி. மலைகளுள் ஒன்றின் பெயர் இலெ பூசு. பிரெஞ்சு மொழியில் அதற்குக் கட்டைவிரல் என்று பொருள். உயரம் 812 மீட்டர். 1836ஆம் ஆண்டில் உலகைச் சுற்றி வந்த சார்லசு தார்வின் அதன் உச்சியில் ஏறிப் பார்த்தார். மற்றொன்று பீத்தர் போத்து. உயரம் 820 மீட்டர். மாந்தத் தலைபோல் உருண்ட பாறை ஒன்று அதன் உச்சியில் நிற்பதை நகரின் தெருக்களிலிருந்தே காணலாம்.

தென்கிழக்கிலிருந்து வீசும் காற்றை இம்மலைகள் மறிப்பதால், தீவின் நடுமேட்டு நிலம் மழையும் குளிருமாக இருக்க, தலைநகர் வெப்பமும் புழுக்கமுமாக இருக்கின்றது. இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்க. நகரை விட்டு யார் நீங்கினர், யார் தங்கினர் என்பதைப் பின்னர் முடிவு செய்ததில் இவ்வெப்பத்திற்கும் பங்குண்டு.

கட்டியவர் யார்?

1598இல் ஒல்லாந்தர் அத்தீவில் இறங்கித் தம் இளவரசர் மோரிசின் பெயரை அதற்கு இட்டனர். நிலைத்து வாழ இயலாமல் 1710இல் முற்றும் நீங்கினர். 1715இல் பிரெஞ்சியர் அதனைக் கைக்கொண்டு பிரெஞ்சுத் தீவு என்று பெயர் மாற்றினர். பதினைந்தாம் லூயி மன்னன் பெயரால் துறைக்குப் போர்ட்டு லூயி என்னும் பெயர் ஏற்பட்டது. ஆனால், பெயர் இருந்ததேயன்றி நகர் இல்லை. 1735இல் ஆளுநனாக வந்திறங்கிய மாயே தெ இலா பூர்தொனே என்பவனே அத்துறையை நகராக்கினான். கப்பல் பழுதுபார்க்கும் துறை, பண்டகசாலைகள், மருத்துவமனை, ஆளுநர் மனை, தொலைவிலுள்ள ஆற்றிலிருந்து குடிநீர் கொணரும் கால்வாய் ஆகியன அவன் காலத்தில் எழுந்தன. கடலை நோக்கிய பனைமரச் சாலையின் தலைப்பில் இன்றும் அவன் சிலை நிற்கின்றது. அது 1859இல் நிறுவப்பெற்றது.

சிலை ஒருவனுக்கு நின்றது. கல்லைச் செதுக்கியவர்க்கு நிற்கவில்லை. இத்தீவில் கல்தச்சரும் கொத்தரும் கொல்லரும் போதாமையால், பிரெஞ்சியர் தம் ஆட்சியிலிருந்த புதுச்சேரியிலிருந்து கைவினைஞரைக் கப்பலேற்றினர். 1720களின் இறுதியிலேயே தொடங்கிய இவ்வரவு இலா பூர்தொனே காலத்தில் வலுப்பெற்றது. அவ்வாறு சென்றவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். கல்லும் சுண்ணமும் மரமும் அறிந்த அக்கைகள் இல்லாமல் அந்நகரின் பழைய கட்டடங்கள் எழுந்திரா. எனினும், தமிழரே அந்நகரை எழுப்பினர் என்று தனித்துரிமை கொண்டாடுவது வரலாற்றுக்கு ஒவ்வாது. ஆப்பிரிக்கக் கரையிலிருந்தும் மடகாசுக்கரிலிருந்தும் விலங்கிட்டுக் கொணரப்பெற்ற அடிமைகளின் குருதியும் அக்கற்களுக்கிடையே உண்டு. நம் சோழமண்டலக் கரையிலிருந்தே அடிமைகளாய் விற்கப்பெற்றுச் சென்றவரும் உண்டு. உண்மையை உள்ளவாறு சொல்லும்போதே நம் பங்கு நிலைபெறும்.

இன்னொன்றும் நாம் அறியத்தக்கது. போர்ட்டு லூயியை எழுப்பிய அதே இலா பூர்தொனே, 1746இல் அத்தீவிலிருந்து கப்பற்படையோடு வந்து நம் சென்னைப் பட்டினத்தை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றினான். அதனையொட்டி அவனுக்கும் புதுச்சேரி ஆளுநன் துய்ப்ளேக்கும் மூண்ட பூசலை ஆனந்தரங்கர் நாட்குறிப்பு விரித்துரைக்கின்றது. எனவே, புதுச்சேரி, சென்னை, போர்ட்டு லூயி என்னும் மூன்றும் ஒரே வரலாற்றின் மூன்று முனைகள் என்க.

அங்குச் சென்ற தமிழரைப் பிரெஞ்சியர் தமிழர் என்று அழைக்கவில்லை, ‘மாலபார்’ என்றனர். மலையாளக் கரைக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. ஐரோப்பியர் வாயில் அன்று பழகிப்போன பிழைப்பெயர் அது. நகரின் கீழ்ப்புறத்தில் இவர்கள் வாழ்ந்த பகுதி ‘மாலபார்க் குடியிருப்பு’ என்று அழைக்கப்பெற்றது. ஒருவன் தன் பெயரைத் தானே சொல்லவியலாத நிலை அங்கேயே தொடங்கிற்று. முத்துச்சாமி ‘மூட்டூசாமி’ ஆனார். இரங்கசாமி ‘ருங்கசாமி’ ஆனார். வீரப்பன் ‘வீராப்பேன்’ ஆனார். காதில் விழுந்தவாறு எழுதர் எழுதிய எழுத்துக்கூட்டலே பின்னர் வழிவழிக் குடும்பப் பெயராய் இறுகிவிட்டது.

தோற்றவர் மொழி தோற்கவில்லை

1810இன் இறுதியில் ஆங்கிலேயர் அத்தீவை வென்றனர். அவர்தம் படையில் சென்னை மாகாணத்துப் படைவீரர்களும் இருந்தனர். வென்றவர்கள் தீவின் பழைய பெயரை மீட்டு மோரீசு என்றனர். ஆனால், அடிபணிவு உடன்படிக்கையில், குடிகளின் சமயம், சட்டம், பழக்கவழக்கம் ஆகியவற்றைக் காப்பதாக உறுதியளித்தனர். பிரெஞ்சிய நிலக்கிழார்கள் அவ்வுறுதியை இறுகப் பற்றிக்கொண்டனர். 1840களில் உயர் அறமன்றத்தில் ஆங்கிலமே வழங்கவேண்டும் என்று ஆணை பிறந்தது. அப்போதும் அவர்கள் தளரவில்லை. வீட்டிலும் கோயிலிலும் வணிகத்திலும் பிரெஞ்சையே வழங்கினர். 1832லேயே ‘இலெ செர்னேயன்’ என்னும் செய்தித்தாளைத் தொடங்கி நடத்தினர். ஆங்கிலேயர் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆண்டனர், 1968இல் நீங்கினர். இன்றும் போர்ட்டு லூயியில் காலையில் விற்கும் நாளிதழ்கள் பெரும்பாலும் பிரெஞ்சு மொழியினவே. தோற்ற இனத்தின் மொழி, வென்ற இனத்தின் மொழியைச் செய்தித்தாளிலிருந்தும் விருந்துக்கூடத்திலிருந்தும் தள்ளி நிறுத்திற்று. அம்மொழிக்குப் பின்னே நிலமும் பணமும் இருந்தன என்பது மெய்யே. ஆனால், பணமிருந்தும் தம் மொழியைக் கைவிட்ட குடிகளை நாம் அறியோமா? பணத்தோடு மனவுறுதியும் அவர்களிடம் இருந்தது.

1835இல் அத்தீவில் அடிமைமுறை ஒழிக்கப்பெற்றது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1834இன் இறுதியிலேயே ஒப்பந்தத் தொழிலாளரை இந்தியாவிலிருந்து கப்பலேற்றத் தொடங்கினர். அடுத்த எண்பது ஆண்டுகளுக்குள் கொல்கத்தா, சென்னை, மும்பைத் துறைகளினின்று சென்று இறங்கியவர் ஏறத்தாழ 5,00,000 பேர். போர்ட்டு லூயித் துறையில் அவர்களை இறக்கிப் பதிவு செய்வதற்கென 1849இல் ஒரு நிலையம் அமைந்தது. கப்பலினின்று இறங்கியோர் 16 கற்படிகளில் ஏறி அந்நிலையத்துள் புகுந்தனர். அப்படிகள் இன்றும் உள்ளன. முன்னர் ‘கூலி காட்டு’ என்று வழங்கிய அவ்விடம் இன்று ‘ஆப்பிரவாசி காட்டு’ எனப்பெறுகின்றது. 2006இல் யுனெசுகோ அதனை உலக மரபுரிமை இடமாக ஏற்றது.

‘கூலி’ என்னும் அச்சொல்லைச் சற்று எண்ணிப் பாருங்கள். உழைப்புக்குத் தரும் ஊதியத்தைக் குறிக்கும் நம் தமிழ்ச் சொல்லே அது என்பார் பலர். குசராத்துப் பக்கத்துக் கோலி என்னும் குலப்பெயரோடு அதனை இயைப்பாரும் உளர். எவ்வாறாயினும், தமிழில் ஊதியத்தைக் குறிக்கும் அவ்வொலி, கடல் கடந்தபின் ஆளையே குறித்து நின்றது. உழைப்பவன் தன் உழைப்பின் விலையாகவே எண்ணப்பட்டான்.

நகரின் நல்லதும் அல்லதும்

நகர் பல இடர்களைக் கண்டது. 1816இல் பெருந்தீ நகரின் பெரும்பகுதியை எரித்தது. 1867இல் பரவிய முறைக்காய்ச்சல் தீவெங்கும் பல்லாயிரவரைக் கொன்றது. வெப்பமும் தேங்குநீரும் மிக்க தலைநகர் அதில் பெரிதும் அல்லலுற்றது. 1864இல் ஓடத் தொடங்கிய தொடர்வண்டி அப்போது செல்வர்க்கு உதவிற்று. அவர்கள் குளிர்ந்த மேட்டுநிலத்துக் கியூரெப்பீப்பு முதலிய ஊர்களுக்குக் குடிபெயர்ந்து, பகலில் நகருக்கு வந்து மாலையில் திரும்பலாயினர். ஏழையர் நகரிலேயே தங்கினர். 1892 ஏப்பிரலில் வீசிய புயல் எஞ்சியவற்றுள்ளும் பலவற்றை வீழ்த்திற்று. அண்மையில் 2013 மார்ச்சில் பெய்த ஒரு நாள் மழையில் நகருக்குள் வெள்ளம் புகுந்து 11 பேர் மாண்டனர். 2024 சனவரியில் ‘பெலால்’ புயலின்போதும் தெருக்களில் ஊர்திகள் மிதந்தன. மலைச்சரிவில் விழும் நீர் கடலை நாடும் வழியிலெல்லாம் கட்டடங்கள் எழுந்தமை இதற்கு ஒரு கரணியம். ஏரியைத் தூர்த்து மனை போடும் நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

இன்று அந்நகரில் உறையும் மக்கள் ஒன்றரை இலக்கத்தை எட்டார். எனினும் பகலில் தீவு முழுதும் அங்கே திரள்கின்றது. நாடாளுமன்றமும் அமைச்சகங்களும் வங்கிகளும் துறைமுகமும் அங்கேயே உள்ளன. கரும்பை மட்டும் நம்பிய நாடு, 1970இல் ஏற்றுமதித் தொழில்களுக்கெனச் சட்டம் இயற்றி ஆடைத்தொழிலை வளர்த்தது. பின்னர்ச் சுற்றுலாவையும் வங்கித் தொழிலையும் வளர்த்தது. 1812இல் தொடங்கிய குதிரைப்பந்தயத் திடல் மலையடிவாரத்தில் உள்ளது. 1968 மார்ச்சு 12ஆம் நாள் விடுதலைக்கொடி ஏறியது அத்திடலிலேதான். 1964இல் முற்றும் நின்றுபோன தொடர்வண்டிக்கு மாற்றாக, 2019இன் இறுதியில் இலகு தொடர்வண்டி ஓடத் தொடங்கி, 2022இல் கியூரெப்பீப்பு வரை நீண்டது. பள்ளிவாசலும் மாதா கோயிலும் சீனர் தெருவும் நடந்தே காணத்தக்க தொலைவில் அடுத்தடுத்து இருக்கின்றன.

நகரின் நடு அங்காடிக்குள் நுழைந்தால் நம் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். அங்கே முருங்கைக்கீரையை ‘மூரும்’ என்கின்றனர். பீர்க்கங்காய் ‘பிப்பங்காய்’ ஆகிவிட்டது. மிளகும் புளியும் சேர்த்துக் காய்ச்சும் சாறு ‘ராசோன்’ எனப்பெறுகின்றது. தமிழ்க் குடும்பங்களின் மங்கல நாள்களில் வாழையிலையில் படைக்கும் ஏழுவகைக் கறிக்கு ‘செத் காரி’ என்று பெயர். முன்சொல் பிரெஞ்சு, பின்சொல் நம்முடையது. தமிழர் வழிபடும் இடம் எல்லார் வாயிலும் ‘கோவில்’ என்றே வழங்குகின்றது. 19ஆம் நூற்றாண்டில் தமிழ் வணிகர் முதலானோர் முயற்சியால் நகரின் புறத்தே எழுந்த சொக்கலிங்கம் மீனாட்சியம்மன் கோயில் இன்றும் பொலிவோடு உள்ளது. தைப்பூசக் காவடி நாள் நாடு முழுமைக்கும் அரசு விடுமுறை நாள். இச்சொற்களைப் பேசுவோர் அனைவரும் தமிழர் அல்லர்; ஆப்பிரிக்க வழியினரும் சீன வழியினரும் இவற்றைத் தம் சொல்லாகவே வழங்குகின்றனர். தமிழ் அங்கே அடுக்களையில் வாழ்கின்றது. ஆனால் சொல்லாக வாழ்கின்றதே தவிரச் சொற்றொடராக வாழவில்லை.

பணத்தாள் கற்பித்த பாடம்

இனி, பணத்தாளின் கதைக்கு வருவோம். மோரீசு நாட்டின் தாள்களில் ஆங்கிலத்திற்கு அடுத்துத் தமிழும், அதற்கடுத்து இந்தியும் இடம்பெற்று வந்தன. நாமே கைவிட்ட தமிழெண்களும் அத்தாள்களில் உண்டு. 1998 நவம்பரில் அந்நாட்டு நடுவண் வங்கி வெளியிட்ட புதிய தாள்களில் இவ்வரிசை மாறிற்று. இந்தி மேலேறத் தமிழ் கீழிறங்கிற்று. தமிழ்க்குடியினர் கொதித்தெழுந்தனர். இந்தி பேசுவோர் 1834க்குப் பின்னரே பெருந்தொகையாய் வந்தனர். தமிழரோ அதற்கு நூறாண்டு முன்னரே வந்து நகரைக் கட்டியவர். எனவே முன்வந்தவர் மொழிக்கு முன்னிடம் வேண்டும் என்பது அவர்தம் வாதம். அரசு பணிந்தது. அத்தாள்கள் திரும்பப் பெறப்பட்டன. 1999இல் பழைய வரிசையோடு புதுத்தாள்கள் வெளிவந்தன. நூறு உருவாத் தாளில் இரங்கநாதன் சீனிவாசன் என்னும் தமிழ்க்குடித் தலைவரின் உருவம் உண்டு. வழக்கறிஞராகவும் மக்கள் தலைவராகவும் விளங்கி 1958இல் மறைந்தவர் அவர். 1992இல் நாடு குடியரசானபோது முதற் குடியரசுத் தலைவராய் அமர்ந்த வீராசாமி இரிங்காடு, போர்ட்டு லூயியில் பிறந்த தமிழ்க்குடி மகனே.

சிறுபான்மையினர் ஒருவரிக்காக எழுந்து நின்று வென்ற வெற்றி இது. அதனை யாரும் குறைத்து மதிப்பிடலாகாது. ஆனால், வென்றது எது? தாளில் இடம். அந்த இடத்தைப் படிக்கும் நா எங்கே?

நாட்டு மக்களுள் நூற்றுக்கு ஐந்தாறு பேர் தமிழ்வழியினர். வீட்டில் தமிழ் பேசுவோரோ ஒரு விழுக்காட்டிற்கும் மிகக் கீழே. பெரும்பாலார் வீட்டில் பேசுவது கிரியோல். ஆலயத்தில் பாடும் பாடலை உரோம எழுத்தில் எழுதி வைத்துப் பாடுவாரும் உண்டு. இவற்றினும் வியப்பான செய்தி ஒன்று கேண்மின். அந்நாட்டு மக்கள்தொகைக் கணக்கில் சமயம் என்னும் பகுதியில் ‘தமிழ்’ என்றே ஒரு பெயர் தனியே உண்டு. ‘நீர் என்ன சமயம்?’ என்றால் ‘தமிழ்’ என்பது விடை. கேட்டவுடன் நம் நெஞ்சு பூரிக்கும். ஆனால் ஆழ்ந்து எண்ணின் அது நம்மை அச்சுறுத்த வேண்டும். பேசுவதாக இருந்த மொழி, வழிபடுவதாக மாறிவிட்டது. வழிபடும் பொருளைத் தொடமாட்டார்கள். மொழியோ நாள்தோறும் தொட்டுத் தேய்த்தாலன்றி வாழாது.

அந்நகரில் நான்கு மொழிகளின் நிலையை ஒப்பிட்டுப் பாருங்கள். ஆங்கிலத்திற்கு ஆட்சி உண்டு. 1968இன் அரசமைப்பு, நாடாளுமன்றத்தின் மொழி ஆங்கிலம் என்றும், உறுப்பினர் பிரெஞ்சிலும் பேசலாம் என்றும் வகுத்தது. பிரெஞ்சுக்குச் செய்தித்தாளும் செல்வமும் உண்டு. தமிழுக்குப் பணத்தாளும் கோயிலும் உண்டு. கிரியோலுக்கோ நெடுங்காலம் இவற்றுள் ஒன்றும் இல்லை. அடிமைகளின் வாயில் பிறந்த மொழி அது. கொச்சை என்று இகழப்பட்டது. 2012இலேதான் தொடக்கப் பள்ளியில் விருப்பப் பாடமாக நுழைந்தது. எல்லாராலும் இகழப்பட்ட அம்மொழியே இன்று எல்லார் வாயிலும் உள்ளது. எதனால்? தாய் குழந்தையிடம் அதில் பேசினாள். கடைக்காரன் அதில் விலை சொன்னான். சினந்தவன் அதில் வைதான்; காதலித்தவன் அதில் குழைந்தான். அரசு தரும் மதிப்பு ஒரு மொழிக்கு அரண். வீட்டுப் பேச்சே அதற்கு உயிர். உயிர் நீங்கியபின் அரண் யாரைக் காக்கும்?

இதற்காக அம்மக்களைப் பழிப்பதற்கு நமக்கு உரிமையில்லை. கரும்புத் தோட்டத்தில் பல மொழியினரோடு கலந்து கிடந்தவன், மேற்பார்ப்பவன் சொல்லும் மொழியைக் கற்றாக வேண்டும். நகரில் வாழ்ந்த கைவினைஞருள் பலர் கிறித்தவராகிப் பிரெஞ்சிய வாழ்வில் கலந்தனர். தாய்நாட்டிலிருந்து அவர்களுக்கு நூல் சென்றதா? ஆசிரியர் சென்றனரா? மடல் எழுதினோமா? நெடுங்காலம் ஒன்றும் இல்லை. அந்நிலையிலும் சமயத்தையும் பெயரையும் விடாமல் காத்தது அவர்தம் பெருமை. 1989இல் ஏழாம் உலகத் தமிழ் மாநாடு அந்நாட்டில் கூடியதும் அவர்கள் ஆர்வத்தினால்தான். அரசுப் பள்ளிகளில் தமிழ் விருப்பப் பாடமாய்க் கற்பிக்கப்படுகின்றது. மோக்காவிலுள்ள காந்தி நிறுவனத்தில் தமிழ்த்துறை உண்டு. கற்பிக்க அவர்கள் அணியமாய் உள்ளனர்.

செய்யத்தக்கன

ஆசிரியப் பணியில் ஆண்டுகள் பல கழித்தவன் என்னும் நிலையில் ஒன்று சொல்வேன். வீட்டில் தமிழ் கேளாத குழந்தைக்கு நெடுங்கணக்கிலிருந்து தொடங்கினால், அது எழுத்தைக் கற்கும், மொழியைக் கல்லாது. தேர்வெழுதும், பேசாது. தமிழ்நாட்டுப் பாடநூலை அப்படியே அனுப்புவது பயன் தராது. அந்நூல் தமிழ் பேசும் பிள்ளைக்கென எழுதப்பெற்றது. கிரியோல் பேசும் பிள்ளைக்கு, அப்பிள்ளை அறிந்த அங்காடியிலிருந்தும் அடுக்களையிலிருந்தும் தொடங்கும் நூல் வேண்டும். ‘மூரும்’ என்பது முருங்கை, ‘பிப்பங்காய்’ என்பது பீர்க்கங்காய் என்று காட்டினால், தான் முன்னமே தமிழ் பேசுவதை அக்குழந்தை உணரும். அங்கிருந்து சொற்றொடருக்கு ஏற்றலாம். பேச்சு முன், எழுத்துப் பின் என்பதே முறை.

இரண்டாவது, அங்குள்ள இளைஞரும் இங்குள்ள இளைஞரும் தமிழில் மடல் எழுதிக்கொள்ளவும் உரையாடவும் வழி செய்தல் வேண்டும். இன்று அதற்குக் கப்பலும் காத்திருப்பும் வேண்டா, கைப்பேசி போதும். பேசுவதற்கு ஆள் இருந்தால்தான் பேச்சு வளரும். மூன்றாவது, மாநாடு கூட்டிப் பொன்னாடை போர்த்தித் திரும்பும் வழக்கத்தைக் குறைத்து, ஆண்டுக்கணக்கில் அங்கே தங்கிக் கற்பிக்கும் ஆசிரியரை அனுப்புதல் வேண்டும். ஆண்டு முழுதும் தங்கும் ஓர் ஆசிரியர் செய்வதை ஒருநாள் மேடை செய்யாது.

நிறைவாக நம்மையும் பார்த்துக்கொள்வோம். போர்ட்டு லூயித் தமிழ்க்குழந்தை கடல் கடந்து, கூலி ஒப்பந்தத்தில் கட்டுண்டு, மூன்று மொழிகளுக்கிடையே நெரிபட்டுத் தன் மொழியை இழந்தது. நம் நகரங்களில் தமிழ்ப் பெற்றோர்க்குத் தமிழ்மண்ணிலே பிறந்த குழந்தை, கட்டணம் செலுத்தித் தன் மொழியை இழக்கின்றது. அங்கே எழுத்து உண்டு, பேச்சு இல்லை. இங்கே பேச்சு உண்டு. எழுத்து நாளும் தேய்கின்றது. அவர்களுக்கு நேர்ந்தது வரலாற்றின் கொடுமை. நமக்கு நேர்வதற்கு எப்பெயர் இடுவது?

தமிழன்பர்களே! மோரீசுப் பணத்தாளில் தமிழ் உண்டு என்று அடுத்த முறை மேடையில் சொல்லுங்கால், அவ்வரிசைக்காகப் போராடிய அம்மக்களை வணங்கிச் சொல்லுங்கள். சொல்லிய கையோடு வீட்டுக்குச் சென்று, உங்கள் பேரப்பிள்ளையின் கையில் ஒரு தமிழ் நூலைக் கொடுத்து, ஒரு பக்கத்தை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். தடுமாறினால் அருகில் அமருங்கள். அன்றாடம் அரைமணி நேரம் போதும். போர்ட்டு லூயியின் கற்களில் பதிந்த கைகள் நமக்கு விட்டுச்சென்ற கடனை அடைக்கும் வழி அங்கிருந்தே தொடங்கும்.